எழுந்து நின்று சொல்லும் வாக்கு

ஸ்காபரோ
ஜனவரி 14, 2024

மாதா துணை

அன்புள்ள தம்பி யோசப்புக்கு,

இங்கே நாங்கள் சுகம். நீயும் மச்சாளும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். உன் கிறிஸ்மஸ் கார்ட் நேற்றுத்தான் வந்து சேர்ந்தது. நியூசிலாந்துத் தபாற்காரர் நீந்தி வந்திருப்பார் போலிருக்கிறது. வட்ஸ்அப்பில் எழுதலாமே என்று கேட்காதே. அங்கே ஒரு வரி போட்டால் குடும்பக் குழுவில் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்வார்களே தவிர, நான் எழுதியதை ஒருவரும் வாசிப்பதில்லை.

நான் ஒரு வம்பை விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். எங்கள் ஊர்ச் சங்கம், அலைத்துறை மக்கள் ஒன்றியம், ஒவ்வொரு நவம்பரும் வைக்கிற விருந்து உனக்குத் தெரியும். ஒன்றியத்தின் யாப்பு விதிகளில் மதுபானம் கூடாது என்று எழுதியிருக்கிறது. ஆகவே மண்டபத்துக்குள் எல்லோரும் சோடாதான் குடிப்பார்கள். ஆண்கள் மட்டும் அடிக்கடி போன் வந்துவிட்டது என்று வெளியே போவார்கள். பார்க்கிங்கில் யாருடையதாவது கார் டிக்கி திறந்திருக்கும். அந்தக் குளிரில் ஐஸ் வாங்கத் தேவையில்லை என்று அதற்கும் ஒரு பெருமை. நாங்கள் உள்ளே றோல்ஸைக் கடித்துக்கொண்டு ஒன்றும் அறியாதவர்களாக இருப்போம்.

போன வருடம் விருந்து நடக்கவில்லை. அதற்கு முந்திய வருடம் விருந்து முடிந்த இரவில் குலசிங்கம் அண்ணை மாரடைப்பில் போனதால் மரியாதைக்கு நிறுத்தினார்கள். இந்த வருடம் திரும்பத் தொடங்குகிறார்கள். லைசென்ஸ் எடுத்து மண்டபத்துக்குள்ளேயே பார் வைக்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் விற்கிற ஜதுர்சனும் இளம் ஆட்களும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். தலைவர் அமிர்தநாதர் மாஸ்டர், தன் உயிர் உள்ளவரை அது நடக்காது என்கிறார். கடைசியில் வாக்கெடுப்பு என்று முடிவாகி, கனடாத் தேர்தல்களில் வாக்குச்சாவடி வேலை செய்தவள் என்று என்னைத் தேர்தல் அதிகாரி ஆக்கிவிட்டார்கள்.

அத்தான் சுகம்.

குளிர் அங்கே இல்லையென்று காலில் சப்பாத்தில்லாமல் திரியாதே.

அன்பு அக்கா
அன்ரனெற்


நியூசிலாந்து, கிழக்குக் கரை
பெப்ரவரி 6, 2024

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி என்று எழுதவேயில்லை. தேர்தல் அதிகாரிக்கு முழங்கால் வலிக்காது போலும்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு யோசித்தேன். ஏனென்றால் இங்கேயும் இப்போது அதே கதைதான் நடக்கிறது. நான் வேலை செய்கிற பழம் பொதிசெய்யும் கொட்டிலுக்குப் பக்கத்தில் சந்திக்கடை ஒன்று இருக்கிறது. அதன் முதலாளி மதுபானம் விற்க லைசென்ஸ் கேட்டு விண்ணப்பித்திருக்கிறான். அவனும் இந்த ஊரின் பூர்வகுடிகளான மாவோரிக் குடும்பத்தில் ஒருவன்தான். சட்டப்படி முடிவெடுப்பது மாவட்டக் குழு. ஆனாலும் ஊரின் சொல்லைக் குழுவின் முன் கொண்டுபோய் வைப்பதற்காக, ஊரவர்கள் தங்களுக்குள் ஒரு வாக்கெடுப்பு வைக்கிறார்கள்.

அடுத்த வீட்டு மெரே அம்மா நேற்று வேலிக்கு மேலால் எட்டி, வாக்குகளை எண்ணுவதற்கு என்னை வரச் சொன்னார். ஏன் நான் என்று கேட்டேன். இந்த ஊரில் இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத ஆள் நீ ஒருவன்தான் என்றார். முப்பது வருடமாக இங்கே இருக்கிறேன், சொந்தமில்லாதது இப்போதுதான் முதல் முறை எனக்கு ஒரு தகுதியாயிற்று.

அத்தானோடு போனில் கதைத்துக் கனகாலம். எப்போது எடுத்தாலும் நித்திரை என்கிறீர்கள். எழும்பியதும் எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி
யோசப்


ஸ்காபரோ
மார்ச் 3, 2024

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. மச்சாளின் இருமல் மாறியதா?

எங்கள் வாக்கெடுப்பு சந்தி சிரித்துவிட்டது. எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தேன். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் வாக்குப்பெட்டி, மறைப்பு, பென்சில், எல்லாம் கனடா அரசாங்கம் வைக்கிற மாதிரி. ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். எங்கள் ஒன்றியத்தில் அங்கத்துவ அட்டை குடும்பத்துக்கு ஒன்று, அது இருப்பது மனுசன்மாரின் பேர்சில். அவர்கள் அட்டையைக் காட்டினார்கள், வாக்குச் சீட்டை வாங்கினார்கள், போட்டார்கள். மனுசிமார் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பார் வேண்டும் என்ற பக்கம் அமோக வெற்றி.

ஜதுர்சன் கைதட்டிக்கொண்டிருக்கும்போது குசினிக் கதவு திறந்தது. குலசிங்கம் அண்ணையின் மனைவி மரிஸ்ரெலா கையில் கேத்தலோடு வந்து நின்றார்.

"ஆர் எங்களைக் கேட்டது?" என்றார்.

"அன்ரி, குடும்பத்துக்கு ஒரு வோட்தானே" என்று ஜதுர்சன் இழுத்தான். "அப்ப என்ர குடும்பத்துக்கு ஆர் போட்டது?" என்று அவர் கேட்டார். அட்டை குலசிங்கம் அண்ணையின் பெயரில் இருந்தது. நான் அந்த இடத்திலேயே வாக்கெடுப்பு செல்லாது என்று அறிவித்தேன். எத்தனையோ தேர்தலில் வேலை செய்திருக்கிறேன், இப்படி வெட்கப்பட்டதில்லை.

உங்கள் ஊரில் எப்படி நடந்தது என்று எழுது.

அக்கா அன்ரனெற்


நியூசிலாந்து
மார்ச் 25, 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் மச்சாளின் இருமல் போய்விட்டது. நீங்களும் அத்தானும் நலமென்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, அத்தானைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

வாக்கெடுப்பு போன சனிக்கிழமை நடந்தது. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். இங்கே ஒவ்வொரு மாவோரி ஊருக்கும் ஒரு மராயே உண்டு. அது ஊரவர் கூடுகிற முற்றமும் வீடும். அந்த வீடு வெறும் மண்டபமில்லை, அவர்களுடைய மூதாதை ஒருவரின் உடம்பு. முகட்டு மரம் முதுகெலும்பு, குறுக்கு மரங்கள் விலா எலும்புகள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், போவது ஒரு மனிதருக்குள்ளே. சுவர் முழுக்க இறந்தவர்களின் படங்கள். அவர்களுக்கு முன்னால் நின்றுதான் வாக்குச் சொல்ல வேண்டும்.

பெட்டியும் இல்லை, சீட்டும் இல்லை. செபம் சொல்லித் தொடங்கினார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, என் மலை இது, என் ஆறு இது, நான் இன்னாரின் பிள்ளை என்று சொல்லி, ஓம் அல்லது இல்லை என்றார்கள். விரும்பினால் காரணமும் சொல்லலாம். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதில் சொல்லக்கூடாது. ஆனால் சொல்லி முடிந்ததும் அவருக்கு உரியவர்கள் பக்கத்தில் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாடுவார்கள். ஒருவரையும் தனியே நிற்க விடுவதில்லை. எண்ணுகிற நான் மட்டும் எழும்பக்கூடாது.

கடைக்காரனின் தாய் எழுந்து இல்லை என்றார். தன் மகனுடைய கடைக்கே இல்லை என்றார். கொஞ்ச நேரத்தில் மகனின் முறை வந்தது. அவன் ஓம் என்று சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். யார் எழும்புவது என்று ஊர் தயங்கியது. முதலில் எழுந்தது அந்தத் தாய்தான். அவனுக்குப் பக்கத்தில் போய் நின்று பாட்டை எடுத்துக் கொடுத்தார். பிறகு வீடு முழுக்க எழுந்தது. எண்ணுகிற நான் மட்டும் எழும்பாமல் இருந்தேன் அக்கா.

வேண்டாம் என்ற பக்கம்தான் வென்றது. அதன்பின் எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். சாப்பிடாமல் ஒருவரும் போகக்கூடாது, சாப்பாடு முடிந்தால்தான் வாக்கெடுப்பு முடிந்ததாம். கடைக்காரன்தான் இறைச்சி பரிமாறினான்.

உங்கள் தம்பி
யோசப்


ஸ்காபரோ
ஏப்ரல் 21, 2024

அன்புள்ள தம்பி,

எல்லோரும் நலமா? உன் கடிதத்தை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தத் தாயை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

மெரே அம்மாவிடம் ஒன்று கேட்டுச் சொல். அந்த விதிகளை நாங்கள் எடுத்துக்கொள்ளலாமா? வேறு ஆட்கள் கையாளுவது குற்றமா?

நீ கேட்டுக்கொண்டேயிருக்கிறாய், ஆகவே எழுதுகிறேன். நீ போன் எடுக்கும்போது அத்தான் நித்திரையில்லை, அவர் பேசுவதேயில்லை. தன்னோடு படித்த குலசிங்கம் அண்ணையின் அடக்கத்தன்று தொடங்கியது. வேலைக்குப் போகிறார், வருகிறார், பேஸ்மென்றில் போய் இருக்கிறார். என்ன கேட்டாலும் ஓம் அல்லது இல்லை, அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பூசைக்கும் வருவதில்லை. டொக்டர் மாத்திரை தந்தார், சாமியார் வந்து போனார். முப்பத்திரண்டு வருடம் என்னோடு வாயடித்த மனுசன். சமையலில் உப்புக் குறைவு என்றாவது சொல்லமாட்டாரா என்று நான் உப்பில்லாமலும் சமைத்துப் பார்த்துவிட்டேன். இந்த மனுசன் திரும்ப வாய் திறக்க வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

இதை ஒருவருக்கும் சொல்லாதே.

அக்கா


நியூசிலாந்து
மே 9, 2024

அன்புள்ள அக்கா,

உங்களுக்காகவும் அத்தானுக்காகவும் தினமும் செபமாலை சொல்கிறோம். உங்கள் மச்சாளுக்குக் காரணம் சொல்லவில்லை, செபிப்போம் என்றதும் கூட இருந்து செபிக்கிறாள்.

மெரே அம்மாவிடம் கேட்டேன். வீடும் பாட்டும் எங்களுடையவை, அவற்றை எடுக்காதீர்கள் என்றார். ஆனால் பெயரைச் சொல்லி வாக்குச் சொல்வதும், பதில் சொல்லாமல் கேட்பதும், கூட நிற்பதும் யாருக்கும் உரியவை, தாராளமாக எடுங்கள் என்றார். அந்தக் காலத்தில் இந்த நாட்டுத் தேர்தலில் வெள்ளையருக்கு இரகசியப் பெட்டி, மாவோரி மக்கள் மட்டும் அதிகாரி முன் நின்று வாயால் சொல்ல வேண்டும் என்று விதி இருந்ததாம். மது வாக்கெடுப்புக்கும் அவர்களுக்கென்று தனி விதிகளாம். அப்போது எங்களை நம்பாமல் பேசவைத்தார்கள், இப்போது எங்கள் ஆட்களை நம்பி நாங்களே பேசுகிறோம் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் கேட்டார். எண்ணுகிறவர் எந்தப் பக்கத்துக்கும் எழும்பாமல் இருக்க வேண்டும், உன் அக்காவால் முடியுமா என்றார். முடியும் என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானே?

அத்தானை இழுத்துக்கொண்டு போகவேண்டாம். வாசற்கதவைத் திறந்து வையுங்கள், போதும்.

தம்பி யோசப்


ஸ்காபரோ
ஜூன் 2, 2024

அன்புள்ள தம்பி,

நலம். தோட்டத்தில் கத்தரி நட்டிருக்கிறேன்.

புது விதிகளைச் செயற்குழுவில் வைத்தேன். அலைத்துறையில் பிறந்தவர், அங்கே கலியாணம் செய்தவர், அவர்களின் வளர்ந்த பிள்ளைகள், எல்லோருக்கும் ஆளுக்கொரு சொல். பாட்டு வேண்டாம் என்று நானே விட்டுவிட்டேன். எங்கள் ஆட்கள் பாடத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள். கூட எழுந்து நின்றால் போதும்.

இறந்தவர்களின் படங்களைச் சுவரில் வைப்பதில்தான் பிரச்சினை வந்தது. "படம் வைக்கிறதெண்டா குலசிங்கத்தின்ர படத்தையும் வைக்கவேணும். வைச்சா ஆக்கள் கதைப்பினம்" என்றார் அமிர்தநாதர் மாஸ்டர்.

"கதைக்கத்தானே மாஸ்டர் கூப்பிடுறம்" என்றேன். அவர் சம்மதம் என்று தலையாட்டினார்.

உனக்கும் பொய்தான் எழுதியிருந்தேன். குலசிங்கம் அண்ணைக்கு மாரடைப்பு வரவில்லை. அன்று மனைவியைத் தங்கச்சி வீட்டாரோடு வரச் சொல்லிவிட்டு, விடிய வேலைக்குப் போகவேண்டும் என்று பிக்கரிங் வீட்டுக்குத் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போனவர், பாலத் தூணில் மோதினார். வயிற்றில் இருந்தது பார்க்கிங்கில் குடித்தது. செத்த வீட்டிலேயே யாரோ மாரடைப்பு என்றார்கள், அதுவே வசதியாயிருந்தது. பார் வேண்டும் வேண்டாம் என்று இவ்வளவு காலமும் சண்டை பிடித்தவர்களில் ஒருவர்கூட அவர் பெயரை எடுக்கவில்லை.

வாக்கெடுப்பு செப்டம்பர் எட்டாம் திகதி, மாதாவின் பிறந்தநாளில்.

அக்கா


நியூசிலாந்து
ஜூன் 24, 2024

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம். குலசிங்கம் அண்ணைக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுத்தோம். அவர் எனக்கு நீச்சல் பழக்கியவர்.

அன்று திறந்திருந்தது யாருடைய டிக்கி என்று நான் கேட்கவில்லை.

தம்பி


நியூசிலாந்து
ஆகஸ்ட் 18, 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் சுகம் அறியாமல் மனம் ஒரு நிலையில் இல்லை. கடைசிக் கடிதத்தில் நான் எழுதிய அந்த ஒரு வரிக்காகக் கோபமென்றால் கோபப்படுங்கள். ஆனால் கோபத்தையாவது எழுதி அனுப்புங்கள். போனில் கத்தரிக்காய் காய்த்த கதையை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள்.

மெரே அம்மா உங்கள் வாக்கெடுப்புத் திகதியைத் தன் கலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்.

தம்பி யோசப்


ஸ்காபரோ
செப்டம்பர் 15, 2024

ஆண்டவருக்குத் தோத்திரம்

அன்புள்ள தம்பி,

நாங்கள் இருவரும் சுகம். இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன். உன்மேல் கோபமில்லை. நீ கேட்காமல் கேட்டதற்குப் பதில் சொல்வது என் வேலையில்லை என்றுதான் எழுதாமல் இருந்தேன்.

கோயில் மண்டபத்தில் அலைத்துறையின் இறந்தவர்களை எல்லாம் சுவரில் வைத்தோம். வீடு வீடாகப் படங்கள் வந்தன. போரில் போனவர்கள், கடலில் போனவர்கள், இங்கே வயதாகிப் போனவர்கள். மரிஸ்ரெலா குலசிங்கம் அண்ணையின் படத்தைத் தானே கொண்டுவந்து மாட்டினார். உள்ளே வந்த சனம் படங்களைக் கண்டதும் குரலை இறக்கிக்கொண்டது. எங்கள் சனம் குரலை இறக்கி நான் கண்டது அதுதான் முதல் தரம்.

அத்தான் காலையில் சேர்ட் போட்டுக்கொண்டு காரில் ஏறி இருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. மண்டபத்தில் கடைசி வரிசையில் போய் இருந்தார்.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஊரில் எந்த ஒழுங்கை, யாருடைய பிள்ளை என்று சொல்லத் தொடங்கியதும் சின்னவர்களும் தாய் தகப்பனைக் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார்கள். மாஸ்டர் இல்லை என்றார், ஜதுர்சன் ஓம் என்றான். ஒருவரும் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. பாதி நேரத்துக்குப் பிறகு அது விதி என்பதே எனக்கு மறந்துபோயிற்று, கோயிலில் இருக்கிற மாதிரி இருந்தது.

பிறகு மரிஸ்ரெலா எழுந்தார். இல்லை என்றுதான் சொல்வார் என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

"நான் மரிஸ்ரெலா. கோயிலடி சூசைப்பிள்ளையின்ர மகள். குலசிங்கத்தின்ர மனுசி. என்ர சொல்லு ஓம். லைசென்ஸ் எடுங்கோ. அவர் மாரடைப்பில சாகேல்லை. பார்க்கிங்கில ஒளிச்சு நிண்டு குடிச்சுப்போட்டுக் காரை எடுத்துச் செத்தவர். உள்ளுக்கை, என்ர கண்ணுக்கு முன்னாலை குடிச்சிருந்தா, நான் கார்த் திறப்பைப் பறிச்சு, ஓடாமல் மறிச்சிருப்பன்."

பெண்கள் எல்லோரும் எழுந்தார்கள். பிறகு ஆண்கள். மண்டபம் முழுக்க நின்றது.

எல்லோரும் திரும்பக் கதிரையில் இருந்தபிறகும் கடைசி வரிசையில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"நான் லெஸ்லி. துறைமுக வீதி செபஸ்தியானின்ர மகன். என்ர சொல்லு இல்லை" என்றார். இருந்துவிடுவார் என்று நினைத்தேன். இருக்கவில்லை. "அண்டைக்கு அவன் குடிச்சது என்ர காரின்ர டிக்கியிலை. நான்தான் ஊத்திக் குடுத்தனான். கார் ஓடுவியோ எண்டு ஒரு சொல்லுக் கேட்கேல்லை. கையைக் காட்டி அனுப்பினனான். எனக்கு அது உள்ளுக்கையும் வேண்டாம், வெளியிலையும் வேண்டாம்."

தம்பி, அவர் தனியே நின்றார். மாரடைப்பு என்று சொல்லித் திரிந்தவர்களுக்கு எழும்பத் துணிவில்லை. டிக்கியைச் சுற்றி நின்றவர்களுக்கும் இல்லை. எண்ணுகிறவள் எழும்பக்கூடாது. முடியும் என்று நீ என் சார்பில் சொல்லியிருந்தாய். என்னால் முடியவில்லை. பேனையை வைத்துவிட்டுக் கதிரையை விட்டு அரைவாசி எழும்பிவிட்டேன்.

அதற்குள் மரிஸ்ரெலா எழுந்துவிட்டார். முன்வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் நடந்தார். பதில் சொல்லக்கூடாது என்பது விதி, அவர் ஒன்றும் சொல்லவில்லை. அத்தானுக்குப் பக்கத்தில் போய், தோளோடு தோள் நின்று, முன்னால் இருந்த படங்களைப் பார்த்தார். ஓம் என்றவரும் இல்லை என்றவரும். கடவுளை இவ்வளவு கிட்ட நான் உணர்ந்ததில்லை.

லைசென்ஸ் எடுப்பது என்று முடிவாயிற்று. பார் வாசலில் கார்த் திறப்புகளை வாங்கி வைக்கும் பொறுப்பை மரிஸ்ரெலா கேட்டு வாங்கிக்கொண்டார். மாஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார், ஆனாலும் இருந்து சாப்பிட்டார்.

திரும்பி வரும்போது காரை நான் ஓட்டினேன். மார்க்கம் வீதிச் சிவப்பு விளக்கில் நிற்கும்போது அத்தான், "குலசிங்கத்துக்குப் பள்ளிக்கூடத்திலை கணக்கு வராது" என்றார். பிறகு பேசத் தொடங்கினார். பேசிக்கொண்டேயிருந்தார். வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் நிறுத்தவில்லை. நான் இறங்கவுமில்லை, உள்ளே போவோம் என்று சொல்லவுமில்லை. முழங்கால் விண்விண் என்று வலித்தது, இருந்தேன்.

மெரே அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். நீ கொடுத்த வாக்கை நான் அரைவாசி மீறிவிட்டேன் என்றும் சொல்.

என்றும் அன்புடன்
அக்கா அன்ரனெற்


நியூசிலாந்து
அக்டோபர் 4, 2024

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

உங்கள் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. பின்னேரம் மெரே அம்மாவை எங்கள் குசினிக்குக் கூப்பிட்டு, மேசையில் இருந்து ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனேன். அத்தான் தன் பெயரைச் சொல்லி, டிக்கியைச் சொல்லி, தனியே நின்ற இடம் வந்தது. அதில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

கதிரையைப் பின்னுக்கு அரக்கும் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். மரிஸ்ரெலா அக்கா எழுந்ததை நான் இன்னும் வாசிக்கவில்லை. மெரே அம்மா எழுந்து நின்றிருந்தார்.

நானும் எழுந்தேன். மிச்சத்தை நின்றுகொண்டே வாசித்தோம்.

தம்பி
யோசப்